சனி எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் ஒரே சனிப்பெயர்ச்சி இரண்டு முறை நடக்கிறது. சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குள் போன நாள் 2023 ஜனவரி 17 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதே பெயர்ச்சிக்கு வாக்கியப் பஞ்சாங்கம் குறித்த நாள் 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் விழா நடந்தது அந்த நாளில்தான். இடையில் பதினோரு மாதம். அடுத்த பெயர்ச்சியும் அப்படியே: ஒன்றுக்கு 2025 மார்ச் 29, மற்றதற்கு 2026 மார்ச் 6. இதை ஜோதிடர்களுக்குள் நடக்கும் சண்டை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வாக்கியம் முன்னோர் வழி, திருக்கணிதம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழி என்று மற்றவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டாவது சமாதானம் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுப் பார், கண்ணுக்கு ஒத்துவராவிட்டால் திருத்து என்று வற்புறுத்தியவர்கள் அந்த முன்னோரே. அவர்களிடம் தொலைநோக்கி கிடையாது. வெறும் கண்தான் இருந்தது.

வாக்கிய முறையைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. அது ஒரு மேதைமையான உத்தி. வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சொற்றொடர். அதன் எழுத்துகளைக் கடபயாதி முறைப்படி எண்ணாக்கினால் அன்றைக்கு நிலா வானில் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும். நிலா பூமியை நெருங்கி வந்து, விலகிப்போய், மறுபடி நெருங்கி வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாள். பிசகு ஒரு நாளில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே 248 நாளுக்கான நிலையை ஒருமுறை கணித்து மனப்பாடமாக்கிவிட்டால், பிறகு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். 1300-ஐ ஒட்டித் தமிழகத்தில் எழுந்த வாக்கியகரணம் இதே வழியைக் கோள்களுக்கும் விரித்தது. கோணக் கணிதம் எதுவும் தெரியாத ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலிருந்த வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே கிரகணத்தைக் கணித்துவிட முடிந்தது.

ஐரோப்பியர் வியந்ததும் இதைக் கண்டுதான். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769-ல் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன லெ ஜாந்தி, அந்தக் காத்திருப்பில் ஒரு தமிழரிடம் இந்தக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் மொத்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூடியிருந்தது. வாக்கியத்தின் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது ஒரு கேள்வி, எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது வேறு கேள்வி. சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்த ஜான் வாரன் 1825-ல் வெளியிட்ட கால சங்கலிதத்தில் இரண்டாவது கேள்விக்கான பதிவு இருக்கிறது. அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழி வைத்துக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. 52 நிமிடம் என்றால் இரண்டு நாழிகைக்கும் மேல். எந்தக் கருவியும் இல்லாமல் நிலவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும் பிழை இது. கணிதரை இதற்குக் குறை சொல்ல முடியாது. சில நூற்றாண்டுகளுக்கு முன் சரியாக இருந்த எண்களை அவர் பிசகாமல் ஒப்பித்தார், அவ்வளவே.

எண்கள் பழையதாகும் என்பது முன்னோருக்குத் தெரியும். 499-ஐ ஒட்டிய ஆரியபடரின் கணக்கைக் கேரளத்தில் 683-ல் ஹரிதத்தர் திருத்தினார், அது பரஹிதம். பரஹிதமும் வானத்தைவிட்டு விலகியபோது, பாரதப்புழைக் கரையில் வாழ்ந்த பரமேசுவரர் 1431-ல் திருக்கணிதம் என்ற நூலை எழுதினார். இன்றைய பஞ்சாங்கத்தின் பெயர் அன்றே நூலின் பெயர். பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்கள் ஒன்றையொன்று நெருங்குவதையும் பார்த்துக் குறித்தவர் என்று, அவருடைய மகனிடம் படித்த நீலகண்ட சோமயாஜி சொல்கிறார். 1393 முதல் 1432 வரை அவர் கண்ட கிரகணங்கள் அவருடைய நூலிலேயே பதிவாகியிருக்கின்றன. கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பியதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்திய வேலை இது. நீலகண்டர் இன்னும் ஒரு படி மேலே போய், ஜோதிர்மீமாம்சையில் இதையே கொள்கையாக வாதாடினார். சாத்திரம் முனிவர் வாக்கு, அதை மனிதர் திருத்தலாமா என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. கணித்த கிரகணத்தையும் கண்ட கிரகணத்தையும் ஒப்பிட்டு, கணக்கைச் சீர்படுத்துவதே சாத்திரத்தின் வேலை என்பது அவருடைய நிலை. இது தமிழகத்துக்கு எட்டாத செய்தியும் அல்ல. வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய சுந்தரராஜர் நீலகண்டரின் சமகாலத்தவர். தம் ஐயங்களை அவரிடம் கேட்டு விடை பெற்றவர்.

பிறகு 19-ஆம் நூற்றாண்டில், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கங்களைத் திருத்தச் சொல்லித் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1867-ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர் அவர். அரசாங்க ஆய்வகத்தோடும் தொலைநோக்கியோடும் சேர்ந்து வந்ததால்தான் திருத்தத்துக்கு அந்நியச் சாயம் ஏறியது என்று நினைக்கிறேன். ஆய்வகமே இல்லாமலும் அதே வேலை நடந்திருக்கிறது. ஒடிசாவின் கண்டபடாவில் பிறந்த பதானி சாமந்தா (1835–1904) மூங்கிலும் மரக்குச்சியும் கொண்டு தாமே செய்த கருவிகளை வைத்து, வெறுங்கண்ணால் கோள்களை அளந்து, பழைய சித்தாந்த எண்களைத் திருத்தினார். அவருடைய சித்தாந்த தர்ப்பணம் 1899-ல் அச்சேறியது. புரி ஜகந்நாதர் கோயில் அதை ஏற்றுக்கொண்டது. கோயில் வழக்கம் என்றால் திருத்தமே கூடாது என்பவர்கள் புரியைப் பார்க்கட்டும்.

வெறுங்கண்ணை நம்பலாமா என்பது நியாயமான ஐயம். டைக்கோ பிராகே 1601-ல் இறக்கும்வரை வெறுங்கண்ணால்தான் அளந்தார். அந்த அளவுகளோடு 8 கலை, அதாவது ஒரு பாகையில் ஏழரையில் ஒரு பங்கு, ஒத்துவரவில்லை என்பதற்காகக் கெப்லர் தம் முதல் கோட்பாட்டையே தூக்கிப்போட்டார். நம்முடைய சனி வழக்குக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை. மகரத்தின் வால்பகுதியில் டெனெப் ஆல்கெடி என்ற விண்மீன் இருக்கிறது. சித்திரை விண்மீனை 180-ஆம் பாகையாகக் கொள்ளும் இன்றைய கணக்கில், மகரமும் கும்பமும் சேரும் எல்லை ஏறக்குறைய இந்த விண்மீன்மேல் விழுகிறது. 2023 ஜனவரி நடுவில் சனி அதற்குப் பக்கத்தில் நின்றது. டிசம்பர் 20 மாலையில் அதைத் தாண்டிக் கிழக்கே சுமார் எட்டரைப் பாகை போயிருந்தது. முழுநிலா பதினேழை வரிசையாக வைக்கும் தூரம். கெப்லரை உறுத்திய பிசகைப்போல அறுபது மடங்கு.

ராசி எல்லையை வானத்தில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லையே, அது மனிதர் வகுத்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான், எல்லையை எங்கே வைப்பது என்ற அயனாம்சக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு, பெரும்பாலும் இரண்டு பாகைக்குள். ஆனால் எல்லையை நகர்த்தினால் சூரியனுக்கும் சேர்த்துத்தான் நகரும். பொங்கலும் சித்திரை முதல் நாளும் இரு பஞ்சாங்கங்களிலும் பெரும்பாலும் ஒரே நாளில் வருகின்றன. சூரியனுக்கு இரண்டும் ஒரே எல்லையைத்தான் வைத்திருக்கின்றன என்றாகிறது. அப்படியிருக்கச் சனிக்கு மட்டும் பதினோரு மாதம் பிந்துகிறது என்றால், பிழை எல்லையில் இல்லை, சனியின் வேகத்துக்குக் கொடுத்த எண்ணில் இருக்கிறது. ஆண்டுக்கு மிகச் சிறிய பிசகு. நூற்றாண்டுகளில் சேர்ந்து பெருத்துவிட்டது. பஞ்சாங்கம் வழிபாட்டுக்கு, வானத்துக்கு அல்ல என்பது கடைசித் தற்காப்பு. விழா எந்த நாளில் என்று முடிவுசெய்வது கோயிலின் உரிமை, அதில் வெளியார் தலையிட ஒன்றுமில்லை. அன்றைக்குச் சனி கும்பத்தில் கால்வைக்கிறது என்று அறிவிப்பது மட்டும் வானத்தைப் பற்றிய கூற்று. அதை வானத்தைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்குப் பரமேசுவரரின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேண்டாம். கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் வானில் சுமார் 10 பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய ஐந்தும் நிலாவும் கோள்களும் போகும் பாதையை ஒட்டியவை, ஊர் விளக்குகளைச் சற்று விலகினால் எளிதில் தெரிபவை. முதலில் இவற்றை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். சனி விண்மீன்போல மின்னாது, மங்கிய மஞ்சளாக நிலைத்து ஒளிரும். சூரியனை ஒட்டி மறைந்திருக்கும் சில வாரங்கள் போக, மற்ற மாதங்களில் இரவின் ஏதாவது ஒரு வேளையில் தென்படும். அருகிலுள்ள விண்மீனிலிருந்து எத்தனை விரல் தூரத்தில் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த பெயர்ச்சி வரும்போது இரண்டு பஞ்சாங்கத்தையும் அந்த நோட்டோடு வைத்துப் பாருங்கள்.