பால் மறந்ததும் குட்டியை விற்கலாமா? செங்கல்பட்டு செம்மறி வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை!

தாயிடமிருந்து பிரித்த கையோடு கிடாக்குட்டியை வியாபாரி வண்டியில் ஏற்றிவிடுவது பலரின் பழக்கம். அவசரத்துக்குப் பணம் கிடைக்கும். ஆனால் இன்னும் சில மாதம் வைத்திருந்தால் கூடுதலாக வரவேண்டிய எடை, விற்றவருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

எந்த ஆடு இது?

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் மேயும் செம்பழுப்பு நிற ஆடுகள் 'சென்னை சிவப்பு' இனம். 'மெட்ராஸ் ரெட்' என்றும் சொல்வார்கள். கம்பளிக்கு உதவாது, இறைச்சிக்குத்தான் வளர்க்கிறார்கள். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இருக்காது.

எப்போது பிரிக்கணும்?

சுமார் 3 மாதத்தில். ஆனால் தயாரிப்பு பிறந்த அன்றே தொடங்குகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கணும். ஒரு மாதம் ஆனதும், தாயாடு நுழைய முடியாத சின்னத் தடுப்புக்குள் குட்டித் தீவனம் வைக்கலாம். மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்து தினம் 50 முதல் 100 கிராம் போதும். தீவனம் தின்னப் பழகிய குட்டி, பால் நின்றாலும் அவ்வளவாக இளைக்காது.

கணக்கு என்ன?

3 மாதக் குட்டி 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேய்ச்சலோடு அடர்தீவனமும் கொடுத்து, தினம் 70 கிராம் எடை கூடினால் 90 நாளில் 6 கிலோவுக்கு மேல் ஏறும். அந்த 6 கிலோவுக்குக் கிடைக்கும் விலையில் தீவனம், மருந்துச் செலவைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் நின்றால் காத்திருப்பது லாபம். மேய்ச்சலே இல்லாத, எல்லாத் தீவனமும் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் கணக்கு மாறலாம்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

* விற்பதற்கு முன் 'கொழுக்கட்டும்' என்று மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அள்ளிப் போடுவது. வயிற்றில் அமிலம் கூடி ஆடு செத்தே போகலாம். திடீரென தீவனத்தைக் கூட்டினால் துள்ளுமாரி நோயும் வரும்.
* மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் மேய்ப்பது. நத்தை வழியாகத் தட்டைப்புழு தொற்றும்.
* சந்தைக்கு முந்தின நாள் தடுப்பூசி போடுவது. எதிர்ப்பு சக்தி உருவாக 2, 3 வாரம் ஆகும். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியை 3 மாத வயதுக்கு மேல் போடலாம்.
* குடற்புழு மருந்து கொடுத்த உடனே இறைச்சிக்கு விற்பது. எத்தனை நாள் காத்திருக்கணும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது...

கண்மதிப்பில் 'உருப்படிக்கு இவ்வளவு' என்று பேசினால், அனுபவமுள்ள வியாபாரிக்கே சாதகம். ஒரு தொங்கு தராசு வாங்கி, வீட்டிலேயே எடை போட்டுவிட்டுப் பேசுங்கள். பக்ரீத்துக்கு வாங்குபவர்கள் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். கொம்பு உடைந்தாலோ, கால் நொண்டினாலோ வாங்க மாட்டார்கள். நன்றாக வளர்ந்த பெட்டைக்குட்டியை விற்காமல் மந்தைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

யாரிடம் கேட்கலாம்?

செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த இனத்தை மேம்படுத்தும் ஆய்வும் காட்டுப்பாக்கத்தில் நடந்துவருகிறது. ஆட்டுக்கு அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.