மார்பகப் புற்றுநோய் முன்கண்டறிதல்

மார்பகப் புற்றுநோயை அறிகுறி தெரியும் முன்போ, கட்டி சிறிதாக இருக்கையிலோ கண்டுபிடிக்கும் பரிசோதனை முறைகள். இச்சோதனைகளுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்து இரணியலிலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைவிட ரயிலில் எட்டிவிடும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமே (1981) பக்கம்.

அம்மையம் 2006இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு இவ்வட்டாரத்துக்கு நெருக்கமான சான்று. 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்களில் ஒரு பிரிவினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் தொட்டுச் சோதித்தனர். 2011இல் வெளியான முதற்கட்ட முடிவின்படி, அப்பிரிவில் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் 43.8 விழுக்காடு தொடக்க நிலையில் இருந்தன. சோதிக்கப்படாத பிரிவில் 25.4 விழுக்காடுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் கிடைத்த வேறுபாடு இது. ஆயினும் முன்கூட்டிக் கண்டறிவதும் உயிரிழப்பு குறைவதும் ஒன்றல்ல. டாடா நினைவு மையம் மும்பையில் 1998இல் தொடங்கிய இதேபோன்ற கைச்சோதனை ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடம்தான் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது.

இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் எனும் எக்ஸ்ரே படத்தில் கட்டி மறைந்துவிடலாம். அப்போது அல்ட்ராசவுண்ட் உதவும். வலிக்காத கட்டிதான் பலரை ஏமாற்றுகிறது. கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு இருந்தால் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஊசியால் திசு எடுத்துச் சோதித்த பின்னரே புற்றுநோய் உறுதிசெய்யப்படும்.