நீர்வள மேலாண்மைப் பயிற்சி

ஓர் ஆற்றுப் படுகையின் மழை, ஓடும் நீர், நிலத்தடி நீர், பாசனம், குடிநீர், ஆலைகளின் தேவை, வெள்ளம், கழிவுநீர், மீன்வளம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துத் திட்டமிடவும் பங்கிடவும் கற்றுத்தருவது ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மைப் பயிற்சி. பணியிலிருக்கும் பொறியாளர்கள், வேளாண் அலுவலர்கள், நிலவியலாளர்கள், ஊராட்சித் தலைவர்கள், பாசன விவசாயிகள் எனப் பல தரப்பினர் இதில் சேருகிறார்கள். சில நாள் பணியிடைப் பயிற்சியாகவும் இது நடக்கிறது, இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாகவும் நடக்கிறது. அணை கட்டத் தெரிந்தவரை, அந்த அணையின் நீரைச் சச்சரவின்றிப் பகிரத் தெரிந்தவராகவும் ஆக்குவதே இதன் நோக்கம்.

கட்டுமானக் கல்வியின் காலம்

நீருக்கென்று தனிக்கல்வி தோன்றியதே கட்டுமானத் தேவையால்தான். கங்கைக் கால்வாயை வெட்ட ஆள் தேவைப்பட்டபோது 1847இல் ரூர்க்கியில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு கல்லூரிக்குத் தாம்சன் கல்லூரி என்று பெயர் சூட்டப்பட்டது. இன்றைய ரூர்க்கி ஐஐடியின் தொடக்கம் அதுதான். மண்ணை அளக்கவும், சரிவைக் கணிக்கவும், மதகு கட்டவும் அங்கே கற்பித்தார்கள். கால்வாயில் வரும் நீர் யாருக்கு எப்போது போக வேண்டும் என்பது பொறியாளரின் பாடமாகக் கருதப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பார்வை சற்று விரிந்தது. 1933இல் அமெரிக்காவில் அமைந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் வெள்ளத் தடுப்பு, மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகியவற்றை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1948இல் இந்தியாவில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. படுகை முழுவதையும் ஓர் அலகாகப் பார்க்கும் எண்ணம் இப்படி நிர்வாகத்துக்குள் முதலில் நுழைந்தது. வகுப்பறைக்கு அது பிறகுதான் வந்தது.

1955இல் ரூர்க்கியில் நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பொறியாளர்கள் அங்கு வந்து படித்தார்கள். நெதர்லாந்தில் 1953 பிப்ரவரி முதல் நாள் பொங்கிய கடல் 1,836 பேரின் உயிரைக் குடித்த பிறகு, அந்நாட்டின் நீர்ப் பொறியியல் உலகின் கவனத்தைப் பெற்றது. 1957இல் டெல்ஃப்ட் நகரில், வளரும் நாடுகளில் பணியாற்றும் பொறியாளர்களுக்காக ஒரு பட்டயப் படிப்பு தொடங்கியது. அது வளர்ந்து 2003இல் யுனெஸ்கோவின் நிறுவனமாகி, 2017 முதல் ஐஹெச்இ டெல்ஃப்ட் என்ற பெயரில் இயங்குகிறது. 190க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 23,000க்கும் அதிகமானோர் இதுவரை அங்கே பயின்றிருக்கிறார்கள்.

டப்ளின் தந்த திருப்பம்

அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாத்தாவில் 1977இல் ஐநா நடத்திய நீர் மாநாடு இத்துறைப் பேச்சை உலக அளவுக்குக் கொண்டுசென்றது. பாடத்திட்டத்தையே மாற்றியது 1992 ஜனவரியில் டப்ளினில் நடந்த மாநாடு. அது நான்கு கோட்பாடுகளை வகுத்தது: நன்னீர் அளவுக்குட்பட்டது, எளிதில் கெடக்கூடியது; நீர் நிர்வாகத்தில் பயனாளிகள், திட்டமிடுவோர், கொள்கை வகுப்போர் அனைவருக்கும் பங்கு வேண்டும்; நீரைச் சேகரிப்பதிலும் காப்பதிலும் பெண்களின் இடம் மையமானது; நீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு. நான்காவது கோட்பாடு இன்றளவும் சர்ச்சைக்குரியது. குடிநீரை விலைப்பொருளாக்க அது வழிவிடுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

1996இல் ஸ்டாக்ஹோமைத் தலைமையிடமாகக் கொண்டு உலகளாவிய நீர்க் கூட்டமைப்பு அமைந்தது. இன்று பெரும்பாலான பாடநூல்கள் எடுத்தாளும் வரையறையை 2000இல் வகுத்தது அதுவே. நீரையும் நிலத்தையும் அவற்றோடு தொடர்புடைய வளங்களையும் இயற்கைச் சூழல் கெடாமல், நியாயமான முறையில், சமூக, பொருளாதாரப் பயன் மிகும்படி சேர்த்து நிர்வகிப்பது என்பது அதன் சாரம். 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய நாடுகள், இத்தகைய திட்டங்களை 2005க்குள் வகுக்க ஒப்புக்கொண்டன. திட்டம் வகுக்க ஆட்களுக்கு எங்கே போவது? அத்தகையோரைப் பயிற்றுவிக்க 2002இல் கேப்நெட் என்ற பன்னாட்டுப் பயிற்சி வலையமைப்பு ஐநா வளர்ச்சித் திட்டத்தின்கீழ் உருவானது.

ஆப்பிரிக்காவின் தென், கிழக்குப் பகுதி நாடுகள் வேறொரு வழி கண்டன. 2000இல் தொடங்கிய வாட்டர்நெட் அமைப்பின் முதுநிலைப் படிப்பில், மாணவர்கள் முதலில் ஜிம்பாப்வே அல்லது தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடங்களைப் படிக்கிறார்கள். பிறகு சிறப்புப் பாடத்துக்காக வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார்கள். ஜாம்பெசி, லிம்போப்போ போன்ற எல்லை கடக்கும் ஆறுகளை நாளை நிர்வகிக்கப்போகிறவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து பழகுவது இதில் கிடைக்கும் பெரிய ஆதாயம்.

பாடமும் பயிற்று முறையும்

எந்தப் பயிற்சியிலும் முதல் பாடம் நீர்க்கணக்கு: பெய்தது எவ்வளவு, ஓடியது எவ்வளவு, ஆவியானது எவ்வளவு, நிலத்தில் இறங்கியது எவ்வளவு. கேட்க எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கில்தான் துறைகள் தடுக்கி விழுகின்றன. வாய்க்காலுக்கு கான்கிரீட் பூசினால் கசிவு நிற்கும் என்று பாசனத் துறை அதைச் சேமிப்பாக எழுதுகிறது. அந்தக் கசிவை நம்பித்தான் பக்கத்துக் கிணறுகளில் நீர் ஊறுகிறது என்பது நிலத்தடி நீர்த் துறையின் ஏட்டில் இருக்கிறது. ஒருவரின் சேமிப்பு இன்னொருவரின் இழப்பாகும் இடங்களைக் கண்டுபிடிக்கப் பழக்குவது இப்படிப்பின் உயிர்நாடி. இதோடு நீர்ச் சட்டம், பொருளியல், சுற்றுச்சூழல் நீர்த்தேவை, பேச்சுவார்த்தைத் திறன், கணினி மாதிரிகள் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன.

விளையாட்டும் ஒரு பயிற்றுக் கருவி. தான்சானியாவின் உசாங்கு சமவெளியில் நெல் வயல்களுக்கு நீர் திருப்பப்பட்டதால், கீழே உள்ள பெரிய ருவாஹா ஆறு 1990களிலிருந்து மழையற்ற மாதங்களில் வறண்டது. அப்பகுதி மக்களோடு பணியாற்றிய பிரிட்டிஷ் ஆய்வாளர் புரூஸ் லாங்க்ஃபோர்டு ஓர் ஆட்டப் பலகையை வடிவமைத்தார். சரிவான மரப்பலகையே ஆறு. அதில் உருளும் கோலிக்குண்டுகளே நீர். ஆடுவோர் சிறு குச்சிகளை அணைபோல வைத்துக் குண்டுகளைத் தம் வயலுக்குத் திருப்ப வேண்டும். முதல் சுற்றில் தலைமடைக்காரர் அள்ளிக்கொள்ள, கடைமடைக்காரர் வெறுங்கையோடு நிற்பார். அடுத்து எல்லோரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்துகொண்டு ஆடுகிறார்கள். பாசன விவசாயிகளும் அதிகாரிகளும் இதில் சேர்ந்தே ஆட முடிகிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

1980களில் உலக வங்கி, அமெரிக்க உதவிகளின் துணையோடு இந்திய மாநிலங்கள் நீர், நில மேலாண்மை நிறுவனங்களைத் தொடங்கின. மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத்தில் 1980இல் ஒன்று அமைந்தது. தமிழ்நாட்டில் திருச்சியை அடுத்த துவாக்குடியில் 1984இல் பாசன மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் ஏற்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் அலுவலர்களுக்குப் புணே அருகே கடக்வாஸ்லாவில் தேசிய நீர் அகாதமி பயிற்சி தருகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம், வங்கதேசம், நேபாளம், இலங்கை நாடுகளின் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து தெற்காசிய நீர்வள ஆய்வு அமைப்பான சாசிவாட்டர்ஸின் கூட்டுத் திட்டத்தில் பங்கேற்றது. பொறியியலையும் சமூகவியலையும் இணைத்த முதுநிலைப் படிப்புகள் அதில் வளர்ந்தன. ஆண் பொறியாளர்களே நிறைந்திருந்த துறைக்குள் பெண்களைக் கொண்டுவர உதவித்தொகையும் வழங்கப்பட்டது.

2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் சட்டத் தகுதி அளித்தது. 2007இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம், துணைப் படுகைவாரியாகப் பொதுப்பணி, வேளாண்மை, தோட்டக்கலை, மீன்வளம், கால்நடைத் துறைகளை ஒரே வேலைத்திட்டத்தில் சேர்த்தது. ஏரியைச் சீரமைக்கும் பொறியாளரும் திருந்திய நெல் சாகுபடியைக் கற்பிக்கும் வேளாண் அலுவலரும் ஒரே ஆயக்கட்டில் சந்தித்துக்கொண்டது அப்போதுதான்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் முயற்சி இவற்றிலிருந்து வேறுபட்டது. 2003 வறட்சியை அடுத்து, வாரியப் பொறியாளர்களுக்குக் ‘கூடம்’ என்ற பெயரில் பயிலரங்குகள் நடந்தன. பதவி வரிசை பாராமல் வட்டமாக அமர்ந்து, துறையின் போக்கைப் பொறியாளர்களே வெளிப்படையாக விவாதித்தார்கள். தொழில்நுட்பத்தை விட மக்களோடு பேசும் விதமே அங்கு பாடமாக இருந்தது. பிறகு கிராமங்களுக்குச் சென்று, குடிநீர்த் திட்டங்களை ஊராரோடு உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் வறட்சி மாவட்டங்கள் ஏழில், ஐநா உணவு, வேளாண்மை அமைப்பின் உதவியோடு விவசாயிகளே மாணவர்களாயினர். மழைமானியைப் படிப்பது, கிணற்று நீர்மட்டத்தை அளப்பது, சாகுபடிக்கு முன்பாக ஊர்கூடி நீர் வரவுசெலவு போடுவது என அவர்கள் பழகினார்கள். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று யாரும் உத்தரவிடவில்லை. கணக்கைக் கண்ட பலர் தாமாகவே குறைந்த நீர்ப்பயிருக்கு மாறினர். 2019 டிசம்பரில் மத்திய அரசு ஏழு மாநிலங்களில் தொடங்கிய அடல் பூஜல் திட்டமும் ஊராட்சி அளவிலான நீர் வரவுசெலவுக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது.

விமர்சனமும் நிலவரமும்

நீர்க் கொள்கை அறிஞர் அசித் பிஸ்வாஸ் 2004இல் ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை என்ற கருத்தைக் கடுமையாக விமர்சித்தார். வரையறை எல்லோருக்கும் பிடித்தமானதாக இருக்கிறது, ஆனால் எதை எப்படி ஒருங்கிணைப்பது என்று சொல்லவில்லை என்பது அவர் வாதத்தின் மையம். பயிற்சி முடித்துத் திரும்பும் அலுவலர், பழையபடியே பிரிந்து கிடக்கும் துறைகளிலும் தனித்தனி நிதி ஒதுக்கீடுகளிலும்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆட்களை மட்டும் மாற்றி அமைப்பை அப்படியே விட்டால், பயிற்சிச் செலவில் பெரும்பகுதி வீண்.

ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 6.5 என்ற எண்ணுள்ள இலக்கு, 2030க்குள் எல்லா மட்டங்களிலும் ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மையைச் செயல்படுத்தக் கோருகிறது. சட்டமும் கொள்கையும், நிறுவனங்களும் மக்கள் பங்கேற்பும், மேலாண்மைக் கருவிகள், நிதி என நான்கு பிரிவுகளில் நாடுகளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடப்படுகிறது. உலகச் சராசரி 2017இல் 49, 2020இல் 54, 2023இல் 57. நான்கில் மிகக் குறைந்த மதிப்பெண் பெறும் பிரிவு நிதி.