வளைத்த ஸ்பானரின் வரலாறு

மாத்தளைக்கு வடமேற்கே, குன்றுகளுக்கிடையே அமைந்த ஊர் யட்டவத்த. அத்தகைய மலைப்பகுதி வீதிகளில் பழைய மொறிஸ் மைனர் வண்டியைச் செலுத்துவோருக்கு முதற்கவலை எஞ்சின் அன்று, பிரேக்கே.

அவ்வண்டியின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், சாரதியின் பாதத்துக்குக் கீழே, சட்டத்தினுள் ஒளிந்திருக்கின்றது. எண்ணெய் ஊற்றுவதற்கே விரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டின் மூடியைக் கழற்ற வேண்டும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டுகளை உருவ முயன்றால், முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அனுபவமுள்ள தொழிலாளர் ஒருமுறை கம்பியை அகற்றிச் சிரமப்பட்ட பின், போல்ட்டுகளை மறுபக்கத்திலிருந்து செருகிப் பூட்டிவிடுவர். அடுத்த முறை கம்பியைத் தொட வேண்டியதில்லை. வண்டியை அமைத்த அலெக் இசிகோனிஸ் மேதைதான். ஆயினும் இத்திருத்தம் பட்டறையில் பிறந்தது.

எட்டாத போல்ட்டுக்காக ஸ்பானரை வளைக்கும் வழக்கம் எங்குமுண்டு. நம் நாட்டில் அது கலையாக வளர்ந்ததற்குக் காரணம் இடநெருக்கடி மட்டுமன்று.

1841ஆம் ஆண்டில் யோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலேயர் திருகுப் புரிகளுக்கு ஒரே அளவுமுறையை முன்மொழிந்தார். அம்முறையில் ஸ்பானரின் மீது பொறிக்கப்படுவது வாயின் அகலமன்று, போல்ட்டின் விட்டம். பிரித்தானியா அதில் ஊறியிருந்த காலத்தில், முதல் உலகப் போரின்போது, ஹொச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் கொவென்றியில் தொழிற்சாலை அமைத்தது. அதன் இயந்திரங்கள் மீற்றர் முறையிற் புரி வெட்டுபவை. போர் முடிந்தபின் அங்கே மொறிஸ் எஞ்சின்கள் செய்யப்பட்டன. 1923இல் மொறிஸ் அத்தொழிற்சாலையையே வாங்கினார். விளைவு விந்தையானது: புரி பிரெஞ்சு மீற்றர், தலையோ ஆங்கில ஸ்பானருக்கேற்ற விட்வேர்த்! 1948 ஒக்டோபரில் லண்டனில் முதன்முதற் காட்டப்பட்ட மொறிஸ் மைனரின் எஞ்சினும் இந்தக் கலப்பு மரபையே கொண்டிருந்தது. அடுத்த மாதமே பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் பொதுப் புரிமுறைக்கு உடன்பட்டன. 1952 முதல் மைனரில் ஏறிய ஒஸ்டின் எஞ்சினுடன் அப்புதிய முறை வந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டும் 1948தான். சுதந்திர நாட்டின் கராஜுகளுக்கு இக்குழப்பமும் சீதனமாக வந்தது.

கால் அங்குல விட்வேர்த் ஸ்பானரின் வாய் 0.525 அங்குலம். புதிய முறையின் அரை அங்குலத் தலையில் அதைப் பூட்டினால் அது ஆடும், மூலைகள் மழுங்கும். மழுங்கிய தலையைக் கழற்றும் துன்பம் பட்டவருக்கே தெரியும்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை தடை இன்னும் இறுகிற்று. புதிய வண்டி அரிது, உதிரிப்பாகம் அரிது, சிறப்புக் கருவியோ கனவு. கொல்லுலையும் சிரட்டைக்கரியுமே துணை. உயர்ந்த உருக்கைச் செந்நிறமாகக் காய்ச்சினால் அதன் கடினம் போய்விடும், வாய் விரிந்துவிடும். ஆகவே வாய்ப்பகுதியில் ஈரத்துணியைச் சுற்றி, தண்டின் நடுவை மட்டும் காய்ச்சி வளைப்பர். குழாய்த் துண்டின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, உரிய அளவுள்ள போல்ட் தலையின்மீது ஏற்றி, ஆறு பக்கமும் தட்டினால் பெட்டி ஸ்பானர் ஆயிற்று. விரல் நுழையாத இடத்துக்கு நட்டைக் கொண்டுசெல்ல, கிறீஸ் தடவி ஸ்பானரின் வாயில் ஒட்டிவிடுவர். எளிய உபாயம், நட் கீழே விழுந்து சேற்றில் மறைந்தால் மாற்று நட் கிடைக்காத காலத்தில் அதன் மதிப்பே வேறு.

1977க்குப் பின் யப்பானிய வண்டிகள் பெருகின. 10, 12, 14 மில்லிமீற்றர் ஸ்பானர்கள் கருவிப்பெட்டியை நிறைத்தன. ஆனால் பழைய கைத்திறன் உடனே மறையவில்லை. 1990களில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன என்பது இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம்.

இன்று அவ்வளைந்த ஸ்பானர்கள் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகின்றன. அறியாதவருக்கு அவை கெட்டுப்போன கருவிகள். உங்கள் இல்லத்தில் தந்தையாரோ பாட்டனாரோ விட்டுச்சென்ற பெட்டி இருக்குமாயின், விற்பதற்குமுன் அவரோடு வேலை செய்தவர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். எந்த வண்டியின் எந்தப் போல்ட்டுக்காக வளைக்கப்பட்டது என்று அவர் சொல்வதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, ஸ்பானரின் கழுத்திற் கட்டிவையுங்கள்.