வாய்க்காலுக்கு மேற்கே ஒரு திண்ணை வீடு

கல்லூரி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குள் வந்தால் நேரே கடற்கரைக்குத்தான் போவோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தெருக்களை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? நான் பார்த்ததில்லை. போன வருடம் அப்பா ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, "பாண்டிச்சேரியில திண்ணை வச்ச பழைய வீடா ஒண்ணு பாருடா" என்று சொன்ன பிறகுதான் பார்த்தேன். கையில் இருந்தது பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் மட்டும். கடன் கூடாது என்பது அவர் நிபந்தனை.

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் இருந்த பகுதி. அங்கே விலையைக் கேட்டதும் அப்பா குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்! மேற்கே தமிழர் பகுதி. அதன் நேர்கோட்டுத் தெருக்களும் பிரெஞ்சுக்காரர் யோசனை என்றே நினைத்திருந்தேன். இல்லை, 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர் போட்ட திட்டம் அது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1765இல் திரும்பக் கிடைத்த பிறகு மறுபடி கட்டியதுதான் நாம் பார்க்கும் ஊர்.

வீடுகளின் அமைப்பு அழகு. தெருவோரம் மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், நடந்து போகிறவருக்கும் நிழல். ஒட்டினாற்போல் திண்ணை, உள்ளே முற்றம். மாடி எடுத்தவர்கள் பலர் அங்கே மட்டும் பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னல் வைத்தார்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு! வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட முகப்புகளை மீட்டெடுத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

என் கண் கூரை மேலேயே இருந்தது, என்ன செய்வது, படித்த படிப்பு அப்படி. தேக்கு உத்திரம், அதன்மேல் சரக்கட்டை, அதன்மேல் சிறிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்திருந்தால் கீழே நின்று பார்த்தால் தெரியாது, தட்டித்தான் பார்க்க வேண்டும். அதைவிடக் கெடுதல், சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துச் சுவர் பொரிந்துவிடும். நாங்கள் பார்த்த வீடுகளில் பாதிக்குமேல் அப்படித்தான்.

எங்கள் பணத்துக்குள் அடங்கிய ஒரு வீடு கிடைத்தது. பெரியவர் சொன்னார்: "தம்பி, இதுல பதினோரு பங்கு. நாலு பேர் பிரான்சுல இருக்காங்க. எல்லாரும் கையெழுத்துப் போடணும்." 1954இல் ஆட்சி கைமாறியது. 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதித் தந்தார்கள். பல பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காட்டி 'கவனிப்பாரில்லை' என்கிறோமே, பல இடங்களில் காரணம் அலட்சியம் இல்லை, பங்கு.

வாங்கும் எண்ணத்தை விட்டோம். பெரியவர் முன்கட்டை மூன்று வருடப் போக்கியத்துக்குத் தரச் சம்மதித்தார். வாடகை இல்லை, போகும்போது பணம் திரும்ப வரும். உளுத்த ஒரு உத்திரத்தை என் செலவில் மாற்றினேன். அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல்: "சொந்த வீடு இல்லையே." அப்பா பதில் சொல்லவில்லை. காலையில் பேப்பரோடு திண்ணைக்குப் போய்விடுகிறார்.

இந்த ஐப்பசி மழையில் முன்கட்டு ஒழுகவில்லை. சமையலறை மூலையில் மட்டும் இன்னும் ஒரு குண்டான் வைத்திருக்கிறோம்.