எட்டு வயசு வாத்தியார்

காவிரிக் கரையில் ஜேடர்பாளையம் போயிருக்கிறீர்களா? படுகை அணை, வாய்க்கால், சுடச்சுட மீன் வறுவல்... நாமக்கல் பக்கத்து ஜனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான். அந்த மாதிரி ஊர்களில் ஆகஸ்ட் 15 காலையில் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து டிரம் சத்தம் கேட்டால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கூடவே, வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவர் சொல்வதும் காதில் விழலாம். "படிப்பு வராத பசங்களைப் புடிச்சு பேண்டுல போட்டுடுவாங்க!"

தகுதி குறைந்தவனுக்கு டிரம். இந்த நினைப்பு ஒரு காலத்தில் உத்தரவாகவே இருந்தது, தெரியுமா?

கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் இங்கே குடும்பம் நடத்தினார்கள். அப்பா வெள்ளைக்காரர், அம்மா நம்மூர்ப் பெண். அப்பா போரிலோ காய்ச்சலிலோ போய்விட்டால் பிள்ளைகள் தெருவில். இப்படிப்பட்ட பையன்களுக்காக 1789-ல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதை ஆசிரமம் திறந்தார்கள். அதன் பொறுப்பாளர், ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார்.

ஒருநாள் குதிரையில் போகும்போது பெல் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். குழந்தைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அட, பலகை வேண்டாம், காகிதம் வேண்டாம், காசே வேண்டாம்! உடனே தன் பள்ளியிலும் மணலைக் கொட்டச் சொன்னார். ஆசிரியர்களோ "இதெல்லாம் நடக்காது சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடுடா" என்றார். ஒரு சாதாரண சிப்பாயின் மகன் அவன். பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்தான்! நம்மூர்ச் சட்டாம்பிள்ளை முறையேதான். 1797-ல் பெல் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

பெல்லின் பள்ளி இப்படிச் சாதித்துக்கொண்டிருந்தபோதே, 1795-ல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. அப்பா, அம்மா இரண்டு பேருமே ஐரோப்பியராக இல்லாதவர்களுக்கு ராணுவத்தில் போர்வீரர் வேலை கிடையாது. வேண்டுமானால் டிரம் அடிக்கலாம், குழல் ஊதலாம், பேண்டில் வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அவ்வளவுதான்! ஜேம்ஸ் ஸ்கின்னர் என்ற இளைஞர் இதனால் மராட்டியப் படையில் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அவரையே கூப்பிட்டுக் குதிரைப்படை அமைத்துக்கொண்டது கம்பெனி. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா? ஊருக்கே பாடம் நடத்தத் தெரிந்த பையன்களுக்கும், ராணுவம் என்று வந்தால் டிரம்தான்.

இத்தனைக்கும் அந்த இசை ஒன்றும் மட்டமானது இல்லை. கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் 'நோட்டுஸ்வரம்'. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். பேண்டோடு வந்த கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்குள் நுழைந்தது. பிற்பாடு ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்து காட்டினார்.

ஆக, குறை வாத்தியத்தில் இல்லை. 'உனக்கு இது போதும்' என்று கொடுத்தார்களே, அதில்தான் இருந்தது.

யோசித்துப் பாருங்கள். இருபது பேர் ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். ஒருத்தன் அரை நொடி பிந்தினாலும் மொத்த அணிவகுப்பும் தடுமாறும். கணக்கும் கவனமும் இல்லாமல் இது வருமா? கிராமத்து அரசுப் பள்ளியில் ஒரு பையனோ பொண்ணோ டிரம்மை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், 'இது மட்டும்தான் உனக்கு' என்பதற்காக இருக்கக் கூடாது. 'இதுவும் உனக்கு' என்பதற்காக இருக்க வேண்டும். கணக்குப் பாடமும் அவர்களுக்கு, டிரம்மும் அவர்களுக்கு.

அடுத்த ஆகஸ்ட் 15-ல் யாராவது அந்தப் பழைய வசனத்தை எடுத்துவிட்டால், எழும்பூரின் எட்டு வயசு வாத்தியாரைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள்!