ஜீவாவும் ஜெர்மேனியமும்

கரகரப்பு இல்லாத தெளிந்த நாதமே உயர்ந்த நாதம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தஞ்சாவூர்த் தம்பூராவைக் கட்டியவர்கள் அப்படி எண்ணவில்லை. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்னும் நான்கு தந்திகளும் குதிரையின் மேல் ஏறிச் செல்லும் இடத்தில், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு நூல் செருகப்பட்டிருப்பதைத் தம்பூராவை அருகில் கண்டவர்கள் கவனித்திருப்பார்கள். நூலை எடுத்துவிட்டு மீட்டினால் தந்தி மொட்டையாக ஒலித்து ஓய்ந்துவிடும். நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினாலோ, வண்டு முரல்வது போன்றதொரு ரீங்காரம் எழுந்து நீண்டு நிற்கும். அந்த நூலுக்கு நம்மவர் இட்ட பெயர் ஜீவா. அதாவது, உயிர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? தம்பூராவின் குதிரை கூரிய விளிம்பு உடையதன்று. அகன்று, மெல்ல வளைந்த மேற்பரப்பு உடையது. நூல் தந்தியை அப்பரப்பிலிருந்து இம்மியளவு உயர்த்துகிறது. அதிரும் தந்தி ஒவ்வோர் அலைவிலும் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகும்போது, அடிச்சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் வரிசையாக விழித்துக்கொள்கின்றன.

இந்த விந்தையை அறிவியல் உலகின் முன் வைத்தவரும் காவிரிக்கரைக்காரரே. திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சி.வி. இராமன், கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது, 1921-இல் தம்பூராவையும் வீணையையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தந்தியை மீட்டும் புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா என்பது தாமஸ் யங் வகுத்த விதி. நம்முடைய இவ்விரு கருவிகளிலோ அம்மேற்சுரங்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்று இராமன் காட்டினார். குதிரையின் அமைப்பே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார். ஏட்டில் ஏறாத இயற்பியலை நம் கைவினைஞர்கள் காதால் அறிந்து வைத்திருந்தார்கள்.

ஏறத்தாழ இதே உண்மையை மேலைநாட்டார் மின்சாரத்தின் வழியே தற்செயலாகக் கண்டார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவாகி 1961-இல் புகழ்பெற்ற மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றில், கிரேடி மார்ட்டின் வாசித்த கிடாரின் ஒலி, பழுதுபட்ட பெருக்கிச் சுற்று ஒன்றின் வழியே சென்று கரகரத்தது. அதைத் தள்ளிவிடாமல் அப்படியே இருக்கவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அந்தக் கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சுற்றை அமைத்தார். அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதை உலகறியச் செய்தார்கள். 1966-இல் லண்டனில் ஃபஸ் ஃபேஸ் என்னும் வட்டப் பெட்டி பிறந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் இருந்தது அதுதான்.

ஃபஸ் ஃபேஸின் உள்ளே இருப்பவை 2 டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், கரகரப்பையும் ஒலியளவையும் கூட்டிக் குறைக்கும் 2 திருகுகள், 9 வோல்ட் பேட்டரி, மிதிக்கும் சுவிட்ச், அவ்வளவே. முதல் டிரான்சிஸ்டர் கிடாரின் நலிந்த மின்னலையைப் பெருக்கி இரண்டாவதிடம் தருகிறது. இரண்டாவது, தன் வரம்புக்கு மேல் பெருக்க இயலாமல் அலையின் முகட்டை வெட்டிவிடுகிறது. மழுங்கிய முகட்டிலிருந்து மேற்சுரங்கள் பிறக்கின்றன. பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் பி.என்.பி. வகை என்பதால், பேட்டரியின் நேர்முனையைத் தரையிணைப்பில் சேர்க்க வேண்டும்.

கடினமான வேலை இனிமேல்தான். ஒரே எண் பொறித்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே அளவு பெருக்குவதில்லை. கட்டுபவர் பலவற்றை அளந்து, பெருக்கம் குறைந்ததை முதலிலும் கூடியதை அடுத்தும் வைக்கிறார். இரண்டாவதன் கலெக்டரில் ஏறத்தாழ 4.5 வோல்ட் நிற்குமாறு மின்தடையை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். முடிவைக் காதே சொல்கிறது. வெயில் ஏறினால் ஜெர்மேனியத்தில் மின்கசிவு கூடி நாதம் மாறும். மீண்டும் சரிசெய்ய வேண்டும். ஜீவா பிடிப்பவருக்கு இந்தப் பாடு புதிதன்று.

ஜெர்மேனியமும் தஞ்சைக்குப் புதிதன்று. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-இல் ஜெர்மேனியம் குறைகடத்திகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் வானொலி வழியே பரவியதால், டெல்டா உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். ஃபஸ் பெட்டி கட்டுபவர்கள் இன்று தேடியலையும் ஏ.சி. 128, அக்கால டிரான்சிஸ்டர் வானொலிகளில் ஒலியைப் பெருக்கிய வகையைச் சேர்ந்ததுதான்.

1970-களின் பிற்பகுதியில் பெங்களூரில் மின்னணுத் தம்பூரா உருவானது. இன்று கைப்பேசியிலேயே சுருதி கிடைக்கிறது. துணையின்றிப் பயணம் செய்யும் பாடகருக்கு அது பேருதவி, பழிப்பதற்கில்லை. ஆனால் பெட்டிக்குள் ரீங்காரம் ஆயத்தமாக இருப்பதால், நூலை நகர்த்தி அதைத் தேடும் விரலுக்கு வேலையில்லாமற் போகிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். ஜீவா பிடிக்கும் காதைக் காக்க அதனால் இயலாது.

கணினியே எல்லாக் கரகரப்பையும் தந்துவிடும் இந்நாளிலும், பழைய வரைபடத்தை விரித்துவைத்து, 60 ஆண்டுகளுக்கு முந்தைய சுற்றைத் தம் கையால் பற்றவைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதனால் அந்த அறிவு கைமாறி வாழ்கிறது. நம் இசைப் பள்ளிகளில் சுருதி சேர்க்கக் கற்பிக்கும்போது, ஜீவா பிடிக்கவும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா? ஒரு சாண் நூலுக்கு என்ன செலவாகிவிடப் போகிறது?